அகல டயரும் அம்பாசிடரும்

(மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு)



பழைய கார் ஒன்று ரோட்டோரம் நின்றால் நம் ஆட்கள் அதை எப்படிப் பார்க்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? பெரியவர்கள் முகப்பைப் பார்த்து, "அந்தக் காலத்து இரும்புப்பா..." என்று பெருமூச்சு விடுவார்கள். நம் வயசுப் பையன்கள் நேரே பின்பக்கம் போய்க் குனிந்து டயரைப் பார்ப்பார்கள். டயர் ஒல்லியாக இருந்தால், "ஹூம், சைக்கிள் டயர்!" தீர்ப்பு முடிந்தது. பின் டயர் மட்டும் அகலமாக, மட்கார்டை நிரப்பிக்கொண்டு நின்றால் போதும். ஓடாத வண்டியாக இருந்தாலும் அதற்குத் தனி மரியாதை.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது? 1950-களில் அமெரிக்காவில் நேர்கோட்டில் கால் மைல் தூரம் ஓடும் 'டிராக்' பந்தயம் வேகமாகப் பரவியது. அந்தக் கார்கள் பின்சக்கர இழுவைக் கார்கள். எஞ்சினின் சக்தி முழுவதும் பின்னால் இருக்கும் இரண்டு டயர்கள் வழியாகத்தான் தரைக்கு வர வேண்டும். வண்டி பாய்ந்து கிளம்பும்போது எடையும் பின்னால் சாய்கிறது. எவ்வளவு சாய்கிறது? நம் பாடத்தில் வருவதுதான்: நிறையையும், முடுக்கத்தையும், ஈர்ப்பு மையத்தின் உயரத்தையும் பெருக்கி, வீல்பேஸால் வகுத்தால் வரும் விடை. ஆக, பாரமும் பின்னால், சக்தியும் பின்னால். அதனால் டயரும் பின்னால் அகலம், முன்னால் ஒல்லி. அழகுக்காகச் செய்ததில்லை, காரணத்தோடு பிறந்தது. அழகு பிறகு ஒட்டிக்கொண்டது.

இப்போது நம்ம அம்பாசிடருக்கு வருவோம். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாக வைத்து, மேற்கு வங்காளத்தில் உத்தர்பாரா என்ற ஊரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த வண்டி. 1950-களின் கடைசியில் தொடங்கி 2014 மே மாதம் வரை அந்த ஆலையில் உற்பத்தி நடந்தது. இதுவும் பின்சக்கர இழுவைதான். ஆனால் பழைய மார்க் 2 வண்டியின் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் தருவது ஐம்பதைச் சற்றே தாண்டும் குதிரைத்திறன். அந்தச் சக்தியில் பின் டயர் சுழன்று புகை வருவதற்கு உள்ள வாய்ப்பு, நம் விடுதிச் சாம்பாரில் முருங்கைக்காய் கிடைப்பதற்கு உள்ள வாய்ப்புதான்!

எனவே அம்பாசிடருக்கு அகல டயர் என்பது தேவையல்ல, ஆசை. ஆசைப்படுவது குற்றமில்லை. ஆனால் அந்த ஆசைக்கு வண்டி என்ன விலை கொடுக்கிறது என்று யாராவது கணக்குப் பார்க்க வேண்டாமா? எங்கள் குடும்பத்தில் அந்தக் கணக்கைப் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது.

சாக்பீஸ் கோடு

வண்டி எங்கள் தாத்தாவுடையது. அம்மாவின் அப்பா. 1972-ம் வருஷத்து மார்க் 2. திண்டுக்கல்லில் வாடகைக்கு ஓட்டி, மூன்று பெண்களையும் ஒரு பையனையும் கரையேற்றிய வண்டி. பிறகு சொந்த உபயோகத்துக்கு மாற்றி, மாமா வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. தாத்தாவுக்கு வயது எண்பத்து மூன்று. இப்போது ஓட்டுவதில்லை. ஆனால் வாரம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, திண்ணையில் உட்கார்ந்து சத்தம் கேட்பார்.

ஆவணியில் மாமா மகளுக்குக் கல்யாணம். பொண்ணு இந்த வண்டியில்தான் மண்டபத்துக்கு வரணும் என்று வீட்டில் எல்லாருக்கும் ஆசை. மச்சானுக்கு (மாமா மகன்) கூடுதலாக இன்னொரு ஆசை: பின்னால் அகல டயர். சொல்லிக்கொண்டே இருக்காமல் காரியத்திலும் இறங்கிவிட்டார். எட்டு அங்குல அகலத்தில் பழைய டிஸ்க்கு இரண்டு, அதில் 235/75 ஆர் 15 டயர் இரண்டு, எங்கேயோ சல்லிசாகப் பிடித்துக்கொண்டு வந்தார். மாட்டிப் பார்த்தால் மட்கார்டு இடிக்கிறது. டிங்கரிங் கடைக்காரர் ஒருவர் வந்து, இரண்டு பக்கமும் சாக்பீஸால் வளைவாகக் கோடு போட்டுவிட்டார். "ரெண்டு இன்ச் வெட்டி எடுத்துட்டா ஃப்ரீயா சுத்தும் தம்பி. நாளைக்கு கட்டிங், நாளன்னிக்கு பெயிண்ட்."

எனக்குப் போன் வந்தது. "டேய் மாப்ளே, நீதான் ஆட்டோமொபைல் படிக்கிறியே, நாளைக்கு வந்து பக்கத்துல நில்லு."

பக்கத்தில் நிற்கத்தான் கூப்பிட்டார், கருத்துக் கேட்க இல்லை! போய்ப் பார்த்தேன். அந்தச் சாக்பீஸ் கோட்டைப் பார்த்ததும் வயிற்றில் என்னவோ செய்தது. 1972-ம் வருஷத்துத் தகடு. இன்றைக்கு வரும் காரின் தகட்டைக் கட்டைவிரலால் அமுக்கினால் உள்ளே போகும், இதை முழங்கையால் இடித்தால் முழங்கைதான் வலிக்கும். இந்த மட்கார்டைப் புதிதாக எந்த ஆலையும் இனி அடித்துத் தரப்போவதில்லை.

"மச்சான், வெட்டுறத எப்ப வேணும்னாலும் வெட்டலாம். எனக்கு ரெண்டு நாள் டைம் குடுங்க, அளந்து சொல்றேன்."

"அளக்கறதுக்கு என்னடா இருக்கு? இடிக்குது, வெட்டறோம்."

"எங்க இடிக்குது, எவ்வளவு இடிக்குதுன்னு தெரியணும்ல? ரெண்டு நாள்தான்."

முகூர்த்தத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. மாமா தலையாட்டினார். பிழைத்தது மட்கார்டு, தற்காலிகமாக.

அளந்த கதை

நம் பிரிவில் வெர்னியர் இருக்கிறது, டயல் கேஜ் இருக்கிறது. ஆனால் இந்த வேலைக்கு வேண்டியது கொத்தனார் சாமான். சிவில் பிரிவு நண்பனிடம் தூக்குக்குண்டும் ரசமட்டமும் கடன் கேட்டேன். "உங்க டிபார்ட்மெண்ட்ல சொந்தமா ஒண்ணுமே இல்லையா?" என்றான். பதில் சொல்லவில்லை. கடன் வாங்கும்போது வாக்குவாதம் கூடாது.

முதலில் பழைய ஒல்லி டயரையே மாட்டி, காற்றைச் சரிபார்த்து, சமமான சிமெண்ட் தரையில் வண்டியை நிறுத்தினோம். மட்கார்டு விளிம்பிலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டு, நூலுக்கும் டயரின் புடைப்புக்கும் உள்ள இடைவெளியை அளந்தேன். இடது பக்கம் 42 மி.மீ., வலது பக்கம் 48 மி.மீ. பாருங்கள், இரண்டு பக்கமும் ஒன்றல்ல! ஐம்பது வருஷம் ஓடிய வண்டியில் பாடி 3 மி.மீ. ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் அளந்து முடிவெடுத்தால் மறுபக்கம் மாட்டிக்கொள்ளும். குறைந்த அளவைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

அடுத்து உள்பக்கம். டயருக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் நடுவே 44 மி.மீ. இது இரண்டு பக்கமும் ஒன்றே. காரணம், பட்டை யு போல்ட்டால் ஆக்ஸிலோடு பிணைக்கப்பட்டது. பாடி ஒதுங்கினாலும் டயரும் பட்டையும் சேர்ந்தே இருக்கும்.

முழு இடைவெளியையும் டயருக்குக் கொடுத்துவிட முடியாது. ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கினால் ஆக்ஸில் சாய்கிறது, டயரின் மேல்பாகம் மட்கார்டு பக்கம் நகர்கிறது. திருப்பத்தில் பட்டையும் புஷ்ஷும் கொஞ்சம் பக்கவாட்டில் வளைந்து கொடுக்கும். அதனால் வெளிப்பக்கம் 17 மி.மீ., உள்பக்கம் 14 மி.மீ. காலியாக விட வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். மீதி வெளியே 25, உள்ளே 30. பழைய டயரின் அகலம் 150 மி.மீ. (5.90-15 என்ற அளவில் 5.90 என்பது அங்குலத்தில் அகலம்தான்.) கூட்டிப் பாருங்கள்: 150 + 25 + 30 = 205.

205 மி.மீ. வரைக்கும், ஒரு துளி தகடுகூட வெட்டாமல், இந்த வண்டி தாராளமாக இடம் கொடுக்கிறது!

235 ஏன் ஆகாது?

மச்சான் கொண்டுவந்த டயரையும் கணக்குப் போட்டேன். 235/75 ஆர் 15 என்றால், அகலம் 235 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அதில் 75 சதவீதம், ரிம்மின் விட்டம் 15 அங்குலம், அதாவது 381 மி.மீ. முழு விட்டம் 734 மி.மீ.-ஐ ஒட்டி வருகிறது. பழைய டயரின் விட்டம் 660. வித்தியாசம் 11 சதவீதம்.

இதனால் என்ன? ஸ்பீடோமீட்டர் கியர்பாக்ஸிலிருந்து ஓடுகிறது, டயர் மாறியது அதற்குத் தெரியாது. மீட்டர் 60 காட்டும்போது வண்டி 66-க்கு மேல் போய்க்கொண்டிருக்கும். இன்னொன்று, தரையில் கிடைக்கும் இழுவிசை பத்தில் ஒரு பங்கு குறையும். ஐம்பது குதிரையில் ஐந்து குதிரையை அவிழ்த்து விட்ட மாதிரி. வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் மலை ஏறும்போது அந்த ஐந்து குதிரையின் அருமை கிளட்ச் பிளேட்டுக்குத் தெரியும்.

அந்த எட்டு அங்குல டிஸ்க்கில் இன்னொரு வம்பும் இருந்தது. அதன் நடுத்தட்டு உள்ளே தள்ளி இருந்ததால், சக்கரத்தின் மையக்கோடு பழைய இடத்திலிருந்து 40 மி.மீ. வெளியே போய்விட்டது. டயரின் விளிம்பு மட்கார்டையும் தாண்டி 40 மி.மீ. நீட்டிக்கொண்டு நின்றது. ஒரு பின்சக்கரத்தில் 400 கிலோ பாரம் என்று வைத்துக்கொள்வோம். 400 × 9.81 × 0.04 = சுமார் 157 நியூட்டன் மீட்டர். ஆக்ஸிலின் பேரிங்குக்கு இது இலவச இணைப்பாக வரும் கூடுதல் வளைவு விசை. ஒரு மீட்டர் கம்பியின் நுனியில் 16 கிலோ மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டது போல, ஓடும் நேரமெல்லாம் தொங்கும். டிங்கர் இரண்டு அங்குலம் வெட்டினாலும் இது போகாது. வெட்டினால் சத்தம் நிற்கும், அவ்வளவுதான்.

அப்புறம் டயரின் பக்கச் சுவரைத் துடைத்துப் பார்த்தேன். முட்டை வடிவக் கட்டத்துக்குள் நாலு எண்: 1114. அதாவது 2014-ம் வருஷத்தின் 11-வது வாரத்தில் செய்த டயர். பட்டன் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ரப்பருக்கும் வயசு உண்டு. விரலால் மடக்கிப் பார்த்தால் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. மச்சானை அழைத்துக் காட்டினேன். அவர் முகம் மாறியது அங்கேதான். என் 157 நியூட்டன் மீட்டர் அவரை அசைக்கவில்லை, அந்த நாலு எண் அசைத்துவிட்டது!

நண்பர்களே, செகண்ட் ஹாண்ட் டயர் வாங்குகிறவர்கள் முதலில் அந்த எண்ணைப் பாருங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம்.

அகலம் என்றால் பிடிப்பா?

"சரிடா, ஆனா அகல டயர்னா ரோட்டுல நல்லா பிடிக்கும்ல?" என்று மச்சான் கேட்டார். எல்லாரும் கேட்கும் கேள்விதான்.

டயர் தரையைத் தொடும் பரப்பு எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பாரமும் உள்ளே இருக்கும் காற்றும். 400 கிலோ பாரம், 28 பவுண்டு காற்று, அதாவது சதுர செ.மீ.-க்குச் சுமார் 2 கிலோ என்றால், பரப்பு தோராயமாக 200 சதுர செ.மீ. ஒல்லி டயரிலும் அதுதான், அகல டயரிலும் ஏறத்தாழ அதுதான். மாறுவது உருவம். ஒல்லி டயரில் அது நீளவாக்கில் இருக்கும், அகல டயரில் அகலவாக்கில். திருப்பத்தில் அகலவாக்கு கொஞ்சம் உதவும், உண்மை. ஆனால் மழையில், ரோட்டில் தேங்கிய தண்ணீரைப் பிளந்து போக ஒல்லி டயருக்கு எளிது. அகல டயர் வேகத்தில் தண்ணீர் மேலேயே மிதக்கப் பார்க்கும்.

இதைவிட முக்கியம் டயரின் ஜாதி. பழைய 5.90-15 குறுக்கு இழை டயர், கிராஸ் ப்ளை. இப்போது வருவது ரேடியல். இரண்டும் திருப்பத்தில் நடந்துகொள்ளும் விதமே வேறு. ஒரே ஆக்ஸிலில் இரண்டையும் கலக்கவே கூடாது. இரண்டு ஜாதியும் ஒரே வண்டியில் இருந்தே ஆக வேண்டுமென்றால் ரேடியல் பின்னால், கிராஸ் ப்ளை முன்னால். மாற்றிப் போட்டால் திருப்பத்தில் பின்பக்கம் பிடியை விட்டுச் சுழலும். வாத்தியார் வைவாவில் கேட்டால் இதைச் சொல்லுங்கள், மார்க் நிச்சயம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. பதினைந்து வருஷம் தாண்டிய சொந்தக் காருக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ரினியூவல். ஆய்வாளர் முன்னால் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தித்தான் ஆக வேண்டும். மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் டயரை அவரிடம் எப்படி மறைப்பது?

இன்னொன்றை மாமாவிடம் சொன்னேன். 2021 ஜூலையில் மத்திய அரசு விதிகளைத் திருத்தி, முதல் பதிவு செய்து 50 வருஷம் தாண்டிய வண்டிகளை 'விண்டேஜ்' வண்டியாகத் தனி எண் வரிசையில் பதிவு செய்ய வழி செய்தது. நம் வண்டிக்கு 2022-லேயே ஐம்பது முடிந்துவிட்டது. ஆனால் நிபந்தனை உண்டு: சேசிஸ், பாடி, எஞ்சின் எதையும் மாற்றாமல் மூல வடிவத்தில் இருக்க வேண்டும். அப்படிப் பதிவு செய்தால் தினசரி உபயோகத்துக்கு ஓட்ட முடியாது, கண்காட்சி, அணிவகுப்பு மாதிரி காரியங்களுக்குத்தான். மாமாவுக்கு இப்போது அந்த எண்ணம் இல்லை. ஆனால் பத்து வருஷம் கழித்து வந்தால்? வெட்டிவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும். டிஸ்க்கும் டயரும் அப்படியல்ல, கழற்றிப் பழையதை மாட்டினால் அரை மணியில் 1972 திரும்பி வந்துவிடும்.

தாத்தாவின் இரண்டு கேள்வி

இத்தனை நடந்தும் தாத்தாவிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கொட்டகைக்கு அவரே தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். மட்கார்டில் இருந்த கோட்டைப் பார்த்தார்.

"என்னப்பா இது?"

மச்சான் தரையைப் பார்த்தார். நான்தான் சொன்னேன், வெட்டுவதற்குப் போட்ட கோடு, வெட்டப் போவதில்லை என்று.

தாத்தா கோபப்படவில்லை. இடது மட்கார்டின் பின்பக்கம் கையை வைத்துத் தடவினார். "இந்த இடத்துல ஒரு தடவை லாரிக்காரன் இடிச்சு அப்பளமா நசுங்கிப்போச்சு. மூணு நாள் வண்டி ஓடல, வீட்டுல அடுப்பும் சரியா எரியல. கடைக்காரர் உள்பக்கம் கட்டையக் குடுத்து அடிச்சே நிமித்தினாரு. கீறல் தெரியுதா பாரு." எனக்குத் தெரியவில்லை. விரலால் தடவினால் மட்டும் ஒரு சின்ன மேடு.

பிறகு அவர் இரண்டு கேள்வி கேட்டார். "புது டயர் போடு, வேணாங்கல. வழியில பஞ்சரானா மட்கார்டு இடிக்காம கழட்ட வருமா? கழட்டினா ஸ்டெப்னி எதைப் போடுவே?"

மூன்று வருஷம் படித்த எங்களில் எவனும் யோசிக்காத கேள்வி, நண்பர்களே! முப்பது வருஷம் ராத்திரியில், மழையில், பாசஞ்சரை உட்கார வைத்துக்கொண்டு ரோட்டோரம் ஜாக்கி போட்டவருக்குத்தான் அது முதலில் தோன்றும். அம்பாசிடரின் பின் மட்கார்டு டயரின் தலையை மூடியபடி தாழ்வாக இருக்கும். பாடியைத் தூக்கி ஆக்ஸிலைத் தொங்கவிட்டால்தான் சக்கரம் வெளியே வரும். டயர் அகலமானால் அந்த வழி இன்னும் நெருக்கம். அதனால் காற்று இறங்கிய நிலையிலும், முழுக் காற்று உள்ள நிலையிலும், கைஜாக்கியை மட்டும் வைத்துக் கழற்றி மாட்டிப் பார்ப்பது என்று எங்கள் பட்டியலில் சேர்த்தோம். ஸ்டெப்னிக்குப் பின்பக்க அளவிலேயே மூன்றாவது டயர் ஒன்று வாங்குவது, முன் டயர் பஞ்சரானால் அதை முன்னால் மாட்டி, மெதுவாகப் பக்கத்துப் பஞ்சர் கடை வரைக்கும் மட்டும் போவது என்று முடிவானது.

மாட்டிய கதை

205/65 ஆர் 15. விட்டம் 647 மி.மீ. சொச்சம். பழையதைவிட இரண்டு சதவீதம்தான் குறைவு. மீட்டர் 60 காட்டினால் உண்மையில் 59, தப்புப் போனாலும் நல்ல பக்கம் போகிறது. எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும் சாதாரண அளவு.

பழைய டிஸ்க்கிலேயே மாட்டலாமே என்றால், ஆகாது. அது நாலு அங்குல ரிம். அதில் 205-ஐத் திணித்தால் சேலையை இடுப்பில் அளவுக்கு மீறிக் கொசுவினது மாதிரி டயர் நடுவில் புடைக்கும், பக்கச் சுவர் ஆடும். இந்த டயருக்கு ஐந்தரையிலிருந்து ஏழரை அங்குலம் வரை ரிம் வேண்டும். ஆறு அங்குலம் என்று முடிவு செய்தோம்.

இனி டிஸ்க்கின் நடுத்தட்டு எங்கே இருக்க வேண்டும்? பழைய டிஸ்க்கைக் குப்புறப் போட்டு, மேலே இரும்பு ஸ்கேலைக் குறுக்கே வைத்து, ஸ்கேலிலிருந்து நட்டு உட்காரும் தட்டு வரை அளந்தேன். 90 மி.மீ. ரிம்மின் மொத்த அகலம் 127, பாதி 63.5. ஆக ஆஃப்செட் 26.5. புதிய டயர் உள்ளே 30, வெளியே 25 வளர்கிறது, எனவே மையம் 2.5 உள்ளே நகர வேண்டும். புதிய ஆஃப்செட் 29. ஆறு அங்குல ரிம்மின் மொத்த அகலம் சுமார் 178, பாதி 89. கூட்டினால் 118 மி.மீ. இந்த 118 என்ற எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மச்சான் சட்டைப் பையில் வைத்து, சென்னை புதுப்பேட்டைக்குப் பஸ் ஏற்றிவிட்டோம்.

பழைய டிஸ்க்கை அறுத்து நடுவில் பட்டை வைத்து வெல்டு செய்து அகலமாக்கித் தருகிறோம் என்று அங்கே சொன்னார்களாம். வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். சுற்றும் சக்கரத்தில் நம்பிக்கையில்லாத வெல்டிங் கூடாது. ஒரு நாள் முழுக்கச் சுற்றி, நட்டுத் துளையின் வட்டமும், நடுத்துளையும், நட்டு உட்காரும் சாய்வும் பொருந்துகிற ஆறு அங்குல இரும்பு டிஸ்க்கு மூன்று கொண்டுவந்தார். அளந்தால் 119. ஒரு மில்லி உள்ளே. உள்பக்கம் இன்னும் 13 மி.மீ. காலி, போதும். நம் பட்டறை டயல் கேஜை வைத்துச் சுற்றிப் பார்த்தோம், ஆட்டம் ஒரு மில்லிக்குள்.

(நட்டு வட்டத்தை அளப்பதற்கு ஒரு குறுக்கு வழி: நாலு நட்டு வண்டியில் எதிரெதிர்த் துளைகளின் மைய தூரமே விடை. ஐந்து நட்டில் எதிர்த் துளை கிடையாது. பக்கத்துப் பக்கத்துத் துளைகளின் மைய தூரத்தை 0.588-ஆல் வகுத்துவிடுங்கள்.)

மாட்டியாயிற்று. சோதனைக்கு விடுதி நண்பர்கள் ஐந்து பேரைக் கூட்டி வந்தேன். பிரியாணி என்று சொன்னால் எடைக்கல் தேட வேண்டியதில்லை! டிக்கியில் மணல் மூட்டை நாலு. மட்கார்டின் உள்விளிம்பில் களிமண்ணை உருட்டி வரிசையாக ஒட்டினோம். டயர் எங்காவது தொட்டால் களிமண் சொல்லிவிடும். வேகத்தடை, பள்ளம், ஒரு சக்கரம் மட்டும் கல்மேல் ஏற்றம், சாய்வான திருப்பம் என்று இருபது கிலோமீட்டர் ஓட்டித் திரும்பி வந்து டார்ச் அடித்துப் பார்த்தோம். களிமண் உருண்டை அத்தனையும் உருண்டையாகவே இருந்தது. ஈரத் துணியால் சாக்பீஸ் கோட்டை மச்சானே துடைத்தார்.

"பக்கத்துல இருந்து பாத்தா வித்தியாசமே தெரியலையேடா" என்று அவருக்குக் கொஞ்சம் குறைதான். பின்னால் அழைத்துப் போய் நிறுத்தினேன். பின்னாலிருந்து பார்த்தால் மட்கார்டுக்குள் டயர் நிறைந்து நின்றது. கொஞ்ச நேரம் பார்த்தார். "ம்... இது போதும்" என்றார். 235 டயர் இரண்டையும் இனி யாருக்கும் விற்க வேண்டாம் என்று சொல்லி, பூச்செடி வைக்கக் கொல்லையில் போட்டுவிட்டார்.

தம்பிகளுக்கு

அடுத்த வருஷம் புராஜெக்ட்டுக்குத் தலைப்புத் தேடி அலையும் தம்பிகளே, உங்கள் தெருவிலேயே ஒரு அம்பாசிடரோ, பத்மினியோ, ஸ்டாண்டர்டு ஹெரால்டோ நிற்கும். ஹெரால்டு நம் சென்னைக்குப் பக்கத்திலேயே செய்த வண்டி. அதில் பின் ஆக்ஸில் இரண்டு துண்டாக மடங்கும், சக்கரத்தின் சாய்வு குதிக்கக் குதிக்க மாறும். அதற்கு என் கணக்கு அப்படியே பொருந்தாது, புதிதாகப் போட வேண்டும். போட்டுப் பாருங்கள்.

அளக்க வேண்டியவை இவைதான்: வெளி இடைவெளி இரண்டு பக்கமும், உள் இடைவெளி இரண்டு பக்கமும், பழைய டயரின் விட்டம், ரிம்மின் அகலம், ஆஃப்செட், நட்டு வட்டம், டயரின் தேதி. அதன் பிறகு ஜாக்கி போட்டுக் கழற்றிப் பாருங்கள், பாரம் ஏற்றி ஓட்டிப் பாருங்கள். மொத்தச் செலவு, ஒரு டேப், ஒரு நூல், கொஞ்சம் களிமண். கூட, அந்த வண்டியை ஓட்டிய பெரியவர் ஒருவர் இருந்தால் அவரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். ஸ்டெப்னி பற்றி நம் சிலபஸில் ஒரு வரிகூடக் கிடையாது.

சிவில் பிரிவு நண்பனுக்கு ஒரு வார்த்தை: தூக்குக்குண்டு பத்திரமாக இருக்கிறது. அடுத்த வாரம் இன்னொரு வண்டி அளக்க வேண்டியிருக்கிறது, முடிந்ததும் தருகிறேன்.